பனிக்கட்டியிலிருந்து மணிக்கட்டு வரை

மாலை நடையில் எனக்குத் துணையாக வரும் நண்பருக்குச் சர்க்கரை நோய் உண்டு. சென்ற ஆண்டு அவருடைய மகன் ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினான். நடந்து முடித்ததும் எத்தனை கலோரி செலவாயிற்று என்று அது சொல்லிவிடும். நண்பர் கணக்கில் கறாரானவர். வங்கியில் முப்பது ஆண்டுகள் பேரேடு பார்த்தவர். கடிகாரம் 380 என்று காட்டினால் அந்த 380ஐ வரவு வைத்துக்கொண்டு, இரவு உணவில் அதற்கு ஈடாகச் சற்றுக் கூடுதலாக உண்பார். மூன்று மாதங்களில் அவருடைய எடை இரண்டரைக் கிலோ கூடியது, சர்க்கரையும் கூடியது. "பேரேடு சரியாகத்தான் இருக்கிறது, கையிருப்புதான் இடிக்கிறது" என்றார்.

எங்கே இடிக்கிறது என்று தேடப் புகுந்தவனை அந்தத் தேடல் இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய பாரிஸ் நகரத்துக் குளிர்காலம் ஒன்றில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கேயும் ஒரு பேரேடு இருந்தது. அதிலும் கணக்கு இடித்தது.

உடலின் வரவு செலவை எழுதிவைக்கும் ஆசை அதற்கும் முந்தையது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். இத்தாலியில் பாதுவா நகரத்து மருத்துவர் சாந்தோரியோ, தராசில் தொங்கவிட்ட ஒரு நாற்காலியில் அமர்ந்து உண்டு, உறங்கி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தம்மைத் தாமே நிறுத்துக்கொண்டிருந்தார். உண்டதன் எடையில் பெரும்பகுதி கழிவாக வெளியேறாமல், கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றாக உடலிலிருந்து மறைந்துவிடுகிறது என்று கண்டு, 1614இல் நூலாக வெளியிட்டார். நாடித்துடிப்பை அளக்க ஊசல் ஒன்றைக் கொண்டு கருவி செய்தவரும் அவரே. எடையையும் நாடியையும் ஒருசேரக் கணக்கெடுத்த முதல் மனிதர் என்ற வகையில், இன்றைய கைக்கடிகாரத்திற்கு அவரைப் பாட்டனார் என்று சொல்லலாம். ஆனால் மறைந்துபோவது என்ன என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அது தெரிவதற்கு வேதியியல் பிறக்க வேண்டியிருந்தது.

1782-83 குளிர்காலத்தில் லவாய்சியேவும் கணித மேதை லப்ளாஸும் சேர்ந்து ஒரு பாத்திரம் செய்தார்கள். உள்ளே ஒரு கூண்டு, அதைச் சுற்றிப் பனிக்கட்டி, வெளிச் சூடு உள்ளே வராமலிருக்க அதைச் சுற்றி மீண்டும் பனிக்கட்டி. கூண்டில் ஒரு கினிப் பன்றியை வைத்தார்கள். அதன் உடற்சூட்டில் உட்புறப் பனி உருகி நீராகி அடியில் ஒழுகும். அந்த நீரை நிறுத்தால் விலங்கு வெளியிட்ட வெப்பம் தெரிந்துவிடும். பத்து மணி நேரத்தில் 13 அவுன்ஸ் பனி உருகியது. இன்னொரு சோதனையில் அதே காலத்தில் அது வெளிவிடும் கரியமில வாயுவை அளந்தார்கள். அவ்வளவு வாயு உண்டாகுமாறு கரியை எரித்தால் எவ்வளவு பனி உருகும் என்று கணக்கிட்டபோது கிடைத்த விடை சுமார் பத்தரை அவுன்ஸ்.

பதின்மூன்றுக்குப் பத்தரை. ஐந்தில் ஒரு பங்கு துண்டு விழுகிறது. இருவரும் அதை மறைக்கவில்லை. குளிரில் விலங்கின் கைகால்கள் தம் சொந்தச் சூட்டையும் இழந்திருக்கும் என்பது போன்ற காரணங்களைச் சொல்லி, மூச்சுவிடுதல் என்பது மெழுகுவர்த்தி எரிவதைப் போன்ற ஒரு மெதுவான எரிதலே என்று துணிந்து அறிவித்தார்கள். அந்த முடிவு சரியானதுதான். உடல் கரியை மட்டுமன்றி ஹைட்ரஜனையும் எரிக்கிறது என்ற விளக்கம் பின்னால் வந்து துண்டின் ஒரு பகுதியை நிரப்பியது. எனினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உடலின் வெப்பத்தை நேரே அளப்பது ஒரு வழி. மூச்சைப் பார்த்து ஊகிப்பது மற்றொரு வழி. இவ்விரண்டும் முதன்முதலாகச் சந்தித்த நாளிலேயே அவற்றுக்குள் ஒத்துப்போகவில்லை.

பிறகு லவாய்சியே மனிதனிடம் வந்தார். 1789-90இல் அவருடைய உதவியாளர் அர்மான் செகென் முகமூடி அணிந்து அமர்ந்து, காலால் மிதியை மிதித்தபடி மூச்சுவிட, ஆக்ஸிஜன் செலவை அளந்தார்கள். அந்தச் சோதனையை லவாய்சியேயின் மனைவி மரி-ஆன் வரைந்திருக்கும் ஓவியங்களில், ஓரத்து மேசையில் அமர்ந்து குறிப்பெடுக்கும் அவரையும் காணலாம். உண்டபின் ஆக்ஸிஜன் செலவு கூடுகிறது, குளிரில் கூடுகிறது, உழைப்பில் மிகக் கூடுகிறது என்பவையெல்லாம் அங்கேதான் முதலில் எண்களாயின. உழைப்பின்போது நாடித்துடிப்பும் உடன் ஏறுகிறது என்பதையும் அவர்கள் குறித்துக்கொண்டார்கள். இன்றைய கடிகாரம் நின்றுகொண்டிருப்பது அந்தக் குறிப்பின் மீதுதான்.

அந்த ஆய்வுரையில் லவாய்சியே ஒரு விசித்திரமான கனவு காண்கிறார். இந்த வழியில் சென்றால், சிந்திக்கும் தத்துவவாதியும், எழுதும் இலக்கியவாதியும், இசையமைக்கும் கலைஞனும் செய்யும் உழைப்பில் உடல் சார்ந்த பங்கு எவ்வளவு என்றுகூட ஒரு நாள் எடை போட்டுவிடலாம் என்கிறார். எழுதுகிறவர்களும் வாசிக்கிறவர்களும் கூடும் இவ்விடத்தில் அந்தக் கனவு என்னவாயிற்று என்று சொல்லாமல் விட மனமில்லை. சற்றுப் பின்னால் வருகிறேன். கனவு கண்டவரை 1794 மே 8 அன்று புரட்சி அரசு கில்லட்டினில் கொன்றது.

'கலோரி' என்ற சொல்லை அவர் அறிந்திருக்கவில்லை. அது 1820களின் தொடக்கத்தில் நிக்கோலா கிளெமான் என்பவர் பாரிஸில் நீராவி எந்திரங்கள் பற்றி நிகழ்த்திய விரிவுரைகளில் புழங்கிய சொல். எந்திரத்திற்குப் பிறந்த அளவை மனிதனுக்கு மாட்டிவிட்டார்கள் என்று சிலர் இன்றும் குறைப்படுவதுண்டு. ஒரு கிலோகிராம் நீரை ஒரு பாகை சூடாக்கும் வெப்பம் பெரிய கலோரி, ஒரு கிராமைச் சூடாக்குவது சிறிய கலோரி என்று பிறகு இரண்டு உண்டாகி, அந்தக் குழப்பம் இன்றுவரை தீரவில்லை. கடிகாரம் காட்டுவது பெரிய கலோரி.

கணக்கு முதன்முறையாக நேரானது ஜெர்மனியில். 1894இல் மாக்ஸ் ரூப்னர் நாய் ஒன்றை வெப்பமானிக்குள் வாரக்கணக்கில் வைத்து அளந்து, உணவிலிருந்தும் மூச்சிலிருந்தும் கணக்கிட்ட வெப்பமும் நேரில் அளந்த வெப்பமும் நூற்றில் ஒரு பங்குக்குள் ஒத்துப்போகின்றன என்று காட்டினார். அதையே மனிதனிடம் செய்துகாட்ட முனைந்தவர் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மிடில்டவுன் என்ற சிற்றூரிலிருந்த வெஸ்லியன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் வில்பர் அட்வாட்டர். இயற்பியலாளர் எட்வர்ட் ரோசாவுடன் சேர்ந்து, கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு சிறிய அறையைச் செய்தார்: சுமார் ஏழடி நீளம், நான்கடி அகலம். உட்சுவர் செம்பு, வெளிச்சுவர் துத்தநாகம், அதற்கும் வெளியே மரம். மடக்குக் கட்டில், நாற்காலி, மேசை. உணவும் கழிவும் சென்றுவர ஒரு துளை. அறைக்குள் ஓடும் செம்புக் குழாய்களில் தண்ணீர் பாய்ந்து மனிதனின் சூட்டை ஏந்தி வெளியே கொண்டுவரும். உள்ளே போகிறவன் சில நாட்கள் அங்கேயே உண்டு, உறங்கி, வாசித்து, சில சோதனைகளில் நிலையாகப் பொருத்திய சைக்கிளை மணிக்கணக்காக மிதிக்க வேண்டும். அவனுடைய வெப்பமும் மூச்சும் கழிவும் ஒரு துளி தவறாமல் அளக்கப்படும்.

வரவும் செலவும் ஒரு சதவீதத்திற்கும் குறைவான வேறுபாட்டில் நேராயின. மாவுச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9 என்று பிஸ்கட் பொட்டலத்தின் முதுகில் இன்று நாம் வாசிக்கும் எண்கள் அட்வாட்டர் விட்டுச்சென்றவை. சாராயமும் உடலுக்கு எரிபொருளாகப் பயன்படுகிறது என்று அதே அறையில் அவர் கண்டுபிடித்து, மதுவிலக்குக்காரர்களின் கோபத்திற்கு ஆளானது தனிக் கதை. மது வணிகர்கள் அவர் பெயரைத் தம் விளம்பரங்களில் சேர்த்துக்கொண்டது அவருக்கு மேலும் வேதனை.

ஒரு மனிதன் எத்தனை கலோரி செலவிடுகிறான் என்று திட்டமாகச் சொல்ல முடியும் என்பதை அட்வாட்டர் மெய்ப்பித்துவிட்டார். ஆனால் அதற்கு அவனைச் செம்புப் பெட்டிக்குள் பூட்ட வேண்டும். தெருவில் நடப்பவனை என்ன செய்வது? இந்தக் கேள்விதான் அதற்குப் பிந்தைய வரலாறு முழுவதும். ஒவ்வொரு முறையும் பெட்டியை விட்டு ஓரடி விலகினார்கள். ஒவ்வோர் அடியிலும் கொஞ்சம் துல்லியத்தைக் கைவிட்டார்கள்.

1911இல் ஆக்ஸ்போர்டின் டக்ளஸ், மூச்சைச் சேகரிக்கும் பை ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறலாம் என்று காட்டினார். அட்வாட்டரின் சீடர் பிரான்சிஸ் பெனடிக்ட் வேறு வழியில் சென்றார். பாஸ்டனில் தமக்கென அமைந்த ஆய்வகத்தில், உணவின்றி அசையாமல் படுத்திருக்கும் மனிதர்களின் மூச்சை நூற்றுக்கணக்கில் அளந்து சேர்த்தார். இப்படிச் சும்மா கிடப்பதற்கே ஆகும் செலவை அடிப்படை வளர்சிதை மாற்றம் என்பார்கள். நம்மில் பெரும்பாலோருக்கு ஒரு நாளின் செலவில் பாதிக்கு மேல் அதுவே. 136 ஆண்கள், 103 பெண்கள் ஆகியோரின் அளவுகளைக் கொண்டு, புள்ளியியலில் தேர்ந்த ஆர்தர் ஹாரிஸுடன் சேர்ந்து 1919இல் அவர் வெளியிட்ட சமன்பாடுகள் புகழ்பெற்றவை. எடை, உயரம், வயது ஆகிய மூன்றையும், ஆணா பெண்ணா என்பதையும் சொன்னால் போதும், உங்களை அளக்காமலேயே உங்கள் செலவைச் சொல்லிவிடலாம். புதுக் கடிகாரத்தைக் கட்டியவுடன் அது முதலில் கேட்பதும் இந்த நான்கையும்தான் என்பது நினைவுக்கு வருகிறதா?

லவாய்சியேயின் கனவை முடித்துவைத்தவரும் இதே பெனடிக்ட்தான். தம் மனைவி கார்னீலியாவுடன் சேர்ந்து, கடுமையான மனக்கணக்குப் போடுகிறவர்களின் மூச்சை 1930 வாக்கில் அளந்தார். ஒரு மணி நேரத் தீவிர மூளை உழைப்பிற்கு ஆகும் கூடுதல் செலவை ஈடுகட்ட உப்பிட்ட வேர்க்கடலை ஒன்றில் பாதி போதும் என்பது அவர்கள் கண்ட விடை. நாவல் எழுதி இளைத்தவர் எவருமில்லை என்று இதனால் அறிகிறோம்.

*

இந்த வரலாற்றில் சென்னைக்கும் ஓர் இடம் உண்டு. அது நம்மவர்களால் அதிகம் பேசப்படாதது என்பதால் சற்று நின்று சொல்கிறேன்.

பெனடிக்டுக்கு ஓர் ஐயம் இருந்தது. தம் சமன்பாடு அமெரிக்க வெள்ளையர்களை அளந்து செய்தது. உலகத்தார் அனைவருக்கும் அது பொருந்துமா? சென்னை மகளிர் கிறித்துவக் கல்லூரியில் கற்பித்த எலினோர் மேசன் என்ற அமெரிக்கப் பெண்மணி அவருடன் இணைந்து, தென்னிந்தியப் பெண்களை அளந்தார். 1931இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் இருவர் பெயரிலும் முடிவு வெளியாயிற்று. அமெரிக்கச் சமன்பாடு சொல்வதைவிட அப்பெண்களின் அடிப்படைச் செலவு சராசரியாகச் சுமார் 17 சதவீதம் குறைவு.

சதவீதமாகச் சொன்னால் உறைக்காது. 45 கிலோ எடையும் 152 சென்டிமீட்டர் உயரமும் உள்ள 22 வயதுப் பெண் ஒருத்திக்கு ஹாரிஸ்-பெனடிக்ட் சமன்பாடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1264 கலோரி என்கிறது. அதில் 17 சதவீதம் குறைந்தால் 1050க்குச் சற்றுக் கீழே. அவள் விரலைக்கூட அசைக்காத நிலையிலேயே ஒரு நாளைக்கு இருநூறு கலோரிக்கு மேல் பேரேட்டில் பொய்யாக ஏறியிருக்கும்.

காரணம் இனமா, வெப்பமா, உணவா? மேசன் தென்னிந்தியாவில் வாழ்ந்த ஐரோப்பியப் பெண்களையும் அளந்து, தட்பவெப்பத்தின் பங்கைத் தனியே பிரித்துப் பார்க்க முயன்றார். பல ஆண்டுகளுக்குப் பிறகு பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், நன்றாக உண்டு வளர்ந்த இந்தியர்களை எடுத்துக்கொண்டு, உடலில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதையும் கணக்கில் சேர்த்து ஒப்பிட்டபோது வேறுபாடு மறைந்துபோவதைக் கண்டார்கள். அதாவது இனம் அன்று, உடலின் சேர்மானம். ஒரே எடையில் நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம். எடை போடும் எந்திரத்துக்கு அது தெரியாது. எடையை மட்டும் கேட்டுக்கொள்ளும் சமன்பாட்டுக்கும் தெரியாது.

ஆயினும் உலக நிறுவனங்கள் 1985இல் ஏற்ற புதிய சமன்பாடுகளிலும் இதே குறை வேறு வடிவில் தொடர்ந்தது. அவற்றுக்கு ஆதாரமான 7173 அளவுகளில் 3388 இத்தாலியர்களுடையவை. அவர்களில் பலர் படைவீரர்களும் தொழிலாளர்களும். அந்தச் சட்டை வெப்ப நாட்டவர்க்குத் தொளதொளவென்று இருக்கிறது என்பதை ஜெயா ஹென்றி போன்றவர்கள் எடுத்துக்காட்டி, 2005இல் திருத்திய சமன்பாடுகளைத் தந்தார்கள்.

இதெல்லாம் ஆய்வகத்துச் சண்டை என்று எண்ண வேண்டாம். 1979இல் இந்தியத் திட்டக்குழு வறுமைக் கோட்டை வகுத்தபோது அளவுகோலாகக் கொண்டது கலோரியைத்தான்: கிராமத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 2400, நகரத்தில் 2100. அந்த அளவு உணவு கிடைக்கும்படி செலவு செய்யும் குடும்பம் கோட்டுக்கு மேலே, மற்றவை கீழே. புள்ளியியலாளர் சுகாத்மே, ஒரே மனிதனின் தேவைகூட நாளுக்கு நாள் மாறும், உடல் தன்னைத் தகவமைத்துக்கொள்ளும், ஆகவே சராசரியை எல்லைக்கோடாக வைப்பது தவறு என்று வாதிட்டார். அவர் வாதத்தை ஏற்றால் பசித்தோர் எண்ணிக்கை காகிதத்தில் பெருமளவு குறைந்துவிடும். தாண்டேகர் முதலியோர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். குறைந்த உணவில் உடல் தாக்குப்பிடிக்கிறது என்பதை அது நலமாக இருக்கிறது என்று வாசிப்பது எனக்கும் உவப்பில்லை. ஆனால் சராசரி எண் ஒன்றைத் தனிமனிதன் கழுத்தில் கட்டக்கூடாது என்ற அளவில் சுகாத்மே சொன்னது உண்மை. 2009இல் டெண்டுல்கர் குழு கலோரி அளவுகோலிலிருந்து விலகியது.

*

தெருவில் நடப்பவனை அளக்கும் வழி ஒன்று இறுதியில் கிடைத்தது; அதுவும் பெட்டியின்றி. மினசோட்டா பல்கலைக்கழகத்தின் நேதன் லிஃப்சன், நாம் வெளிவிடும் கரியமில வாயுவில் உள்ள ஆக்ஸிஜன் உடல்நீரிலுள்ள ஆக்ஸிஜனோடு கலந்து சமநிலை அடைகிறது என்று 1949இல் கண்டார். ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் சற்றுக் கனமாக உள்ள தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தால், கன ஹைட்ரஜன் நீராக மட்டுமே வெளியேறும். கன ஆக்ஸிஜனோ நீராகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறும். சில நாட்கள் கழித்துச் சிறுநீரில் இரண்டும் எவ்வளவு எஞ்சியிருக்கின்றன என்று பார்த்தால், வித்தியாசத்திலிருந்து கரியமில வாயு எவ்வளவு, அதிலிருந்து எரிந்தது எவ்வளவு என்று சொல்லிவிடலாம். 1955இல் எலிகளில் செய்துகாட்டினார்கள். அந்தத் தண்ணீரின் விலை யானை விலை என்பதால் மனிதர்களுக்கு வந்துசேர 1982 ஆயிற்று. இதுவே இன்று உரைகல். ஆனால் இது ஒன்றிரண்டு வாரங்களின் மொத்தத்தைச் சொல்லுமே தவிர, இன்று மாலை நடந்ததற்கு எவ்வளவு என்று சொல்லாது.

நண்பருக்கு வேண்டியதோ இன்று மாலைக் கணக்கு. அதற்குத்தான் மணிக்கட்டு. அங்கே நிகழ்வது இது. கடிகாரத்தின் அடியிலிருந்து பச்சை ஒளி தோலுக்குள் பாய்கிறது. இரத்தம் பச்சையை உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்பிலும் இரத்தம் பெருகும்போது திரும்பிவரும் ஒளி குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடி. ஒளியால் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் இந்த உத்தி 1930களிலேயே அறியப்பட்டது. கூடவே கையின் அசைவை உணரும் ஒரு சிறு சில்லு. நாடி, அசைவு, முன்பே கேட்டுவைத்த வயது, எடை, உயரம், பால்: இவற்றை ஒரு சூத்திரத்தில் இட்டு எண்ணை வெளியே தள்ளுகிறது. அந்தச் சூத்திரத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் வெளியிடுவதில்லை.

கவனியுங்கள், கடிகாரம் வெப்பத்தை அளக்கவில்லை, மூச்சையும் அளக்கவில்லை. மூச்சோடு கூடவே ஏறுகிறது என்று செகென் காலத்தில் குறித்துவைத்த நாடியைப் பார்த்து மூச்சை ஊகிக்கிறது. மூச்சிலிருந்து வெப்பத்தை ஊகிக்கிறது. ஊகத்தின் மேல் ஊகம். காப்பி குடித்தாலும், வெயிலில் நின்றாலும், தெருநாய் துரத்துமோ என்று அஞ்சினாலும் நாடி ஏறும். எரிவது அந்த அளவுக்கு ஏறாது. பயிற்சி உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் ஒரே துடிப்புக்கு ஒரே செலவு இல்லை.

2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு வகைக் கருவிகளை அறுபது பேர் கையில் கட்டி, நடக்கவும் ஓடவும் சைக்கிள் மிதிக்கவும் வைத்து, மூச்சை அளக்கும் கருவியோடு ஒப்பிட்டார்கள். ஏழில் ஆறு, நாடியை ஐந்து சதவீதப் பிழைக்குள் சரியாகவே சொல்லின. கலோரியில் எதுவும் தேறவில்லை. மிகச் சிறந்ததன் சராசரிப் பிழை 27 சதவீதம். மிக மோசமானதற்கு 93. அதன்பின் கருவிகள் பல மாறிவிட்டன, சூத்திரங்களும் மாறியிருக்கும். ஆனால் ஊகத்தின் சங்கிலி அதேதான். கினிப் பன்றியின் கணக்கில் விழுந்த துண்டு இருபது சதவீதம் என்பதை இங்கே நினைத்துக்கொண்டேன்.

நண்பரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. இரண்டு சோதனைகள் மட்டும் செய்துபார்த்தோம். கடிகாரத்தில் அவருடைய எடையைப் பத்துக் கிலோ கூட்டி எழுதி, அதே தெருக்களில் அதே நேரம் நடந்தார். எண் ஏறிற்று. மற்றொரு மாலை நடக்கவே இல்லை. திண்ணையில் அமர்ந்து அரசியல் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு மணி நேரத்தில் அறுபத்தைந்து என்றது. உட்கார்ந்திருந்தாலும் உயிரோடிருப்பதற்கு ஆகும் செலவு அது. நடந்த நாட்களில் 380க்குள் அதுவும் அடங்கியிருந்தது. அதை அவர் நடையின் வரவாக எழுதி உண்டிருக்கிறார்.

"அப்படியானால் உண்மையில் நான் எவ்வளவுதான் எரிக்கிறேன்?" என்று கேட்டார். மிடில்டவுனின் செம்புப் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். நாலைந்து நாட்கள் உள்ளேயே இருக்க வேண்டும் என்றதும், "செய்தித்தாள் கொடுப்பார்களா?" என்றார். இப்போது கடிகாரத்தில் நாடியை மட்டும் பார்க்கிறார். இரவில் இரண்டே இட்லி. ஞாயிறு காலையில் எடை பார்த்துப் பழைய வங்கிப் பேரேடு ஒன்றின் கடைசிப் பக்கத்தில் குறித்துவைக்கிறார்.